வெள்ளி சாக்ஸபோனா, கிளாரினெட்டா?

"மாமா, தாத்தா பெட்டியில வெள்ளி சாக்ஸபோன் இருந்துச்சு, பாருங்க" என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒரு துணிமூட்டையை நீட்டினான். யாங்கோன் மழைக்காலத்து ஈரத்தில் கிடந்து கறுத்துப்போன உலோகக் குழாய், நேராக, கீழே மணிபோல விரிந்த வாயோடு. நேர் சாக்ஸபோனும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும்.

ஒரு நூலை எடுத்துக் குழாயின் மேல்பக்கம் சுற்றி அளந்தேன். பாதிக் குழாய் வரை இறங்கிய பிறகும் அதே அளவு. சாக்ஸபோன் என்றால் மேலிருந்தே பருத்துக்கொண்டு வந்திருக்கும். இது கிளாரினெட்.

பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் வாத்தியத்தின் குணமே இதில்தான் இருக்கிறது. நாதஸ்வரம் கூம்புக் குழாய். காளியம்மன் கோயில் திருவிழாவில் கேட்டிருப்பீர்கள்: அதே விரல் வைப்பில் அழுத்தி ஊதினால் சட்ஜமம் மேல் சட்ஜமமாகத் தாவும். பர்மிய நே வாத்தியமும் கூம்புதான். கிளாரினெட்டின் துளையோ பெரும்பாலும் ஒரே அகலம். ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) இருக்கும் முனை ஒலியலைக்கு மூடியதாகவும் மறுமுனை திறந்ததாகவும் அமைவதால், அடிச்சுருதியின் 3 மடங்கு, 5 மடங்கு என்று ஒற்றைப்படை அதிர்வுகள்தான் உள்ளே நன்றாக நிற்கும். ஆகவே கிளாரினெட்டில் சட்ஜமம் தாவினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் நிற்கும்.

அந்த இரண்டு சுரத்துக்கும் நடுவே 19 அரைச்சுரத் தூரம். நாதஸ்வரக்காரருக்கு 7 துளை போதும், பாதி மூடிப் பாதி திறந்து சமாளிப்பார். இங்கே இடைவெளியை நிரப்ப விரல் பத்தாது, அதனால்தான் துளைகளை மூடித் திறக்க இத்தனை கீ (உலோக நெம்புகள்). விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம், மொத்தம் 17 கீ என்றால் போம் முறை என்னும் கீ அமைப்பு. இரண்டே வளையம் என்றால் பெரும்பாலும் பழைய ஆல்பர்ட் முறை.

மூடிய குழாய்க்கு இன்னொரு லாபமும் உண்டு. சுமார் 58 சென்டிமீட்டர் காற்றுத் தம்பத்திலேயே 147 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். இரு முனையும் திறந்த புல்லாங்குழலுக்கு அதற்கு இரட்டை நீளம் வேண்டும்.

'உலோகமா, அப்போ தகரச் சத்தம்தான்' என்பார்கள். பாடுவது உள்ளே இருக்கும் காற்று, குழாய்ச் சுவரின் பங்கு மிகக் குறைவு. 1920, 30களில் அமெரிக்காவில் பள்ளி பேண்டுகளுக்காக மலிவாக அடித்துத் தள்ளியவைதான் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. அதே காலத்தில் பாஸ்டன் நகரத்து ஹெயின்ஸ் கம்பெனியார் இரட்டைச் சுவர் வைத்து அருமையான வாத்தியங்கள் செய்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் வந்தது, உலோகம் ஒதுங்கியது. ஆனால் உலோகம் மரம்போல விரியாது, வெடிக்காது. நம் ஊர் மழைக்கு அது எவ்வளவு தோது!

மேல்பூச்சு எது? கறுத்தால் வெள்ளி. நிக்கல் அப்படிக் கறுக்காது, மங்கும். விரல் படும் இடத்தில் மஞ்சள் எட்டிப்பார்த்தால் அடியில் பித்தளை. வாயில் பொறித்த பெயரை அப்படியே நம்பாதீர்கள், ஒரே பட்டறை பல கடைப் பெயர்களில் செய்து கொடுத்தது.

பெயரைவிட முக்கியமானது சுருதி முத்திரை. அக்காலத்தில் இரண்டு சுருதி இருந்தது. 'எல்.பி.' (லோ பிட்ச், தாழ்ந்த சுருதி) என்றால் இன்றைய 440 ஹெர்ட்ஸ். 'எச்.பி.' (ஹை பிட்ச், உயர்ந்த சுருதி) என்றால் 450க்கும் மேல். எச்.பி. குழாயை இழுத்து நீட்டினாலும் துளைகளின் இடைவெளி மாறாதே, ஹார்மோனியத்தோடு சேராது.

பையனின் குழாயை மெல்லத் துடைத்தேன். கறுப்புக்கு அடியில் எல்.பி. தெரிந்தது. கீழ்முனையை மூடி, துளையெல்லாம் அடைத்து ஊதினால் காற்று புஸ்ஸென்று போகிறது. கீகளுக்கு அடியில் துளையை அடைக்கும் மெத்தைபோன்ற பேட் எல்லாம் மட்கிவிட்டன. முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.