ஒரு வரியில் நுழையும் வெளியார்

இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் சர்வர் முதலில் அனுப்புவது வெறும் எழுத்துகளாலான ஒரு எச்டிஎம்எல் கோப்பு. படம், எழுத்துரு, வண்ணம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் முகவரிகள் மட்டுமே அதில் இருக்கும். உலாவி அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு வாங்குகிறது.

எல்லா முகவரிகளுக்கும் ஒரே மரியாதை கிடையாது. படம் என்றால், கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். தலைப்பகுதியில் ‘லிங்க்’ குறிச்சொல் (உலாவிக்கு இடும் கட்டளை) வழியே வரும், பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு என்றால் படிப்பது தொடரும். ஆனால் அது வந்து சேரும்வரை திரையில் எதையும் வரையாது. நிரலை அழைக்கும் ‘ஸ்கிரிப்ட்’ குறிச்சொல் வந்தாலோ படிப்பதே நின்றுவிடும். அந்த நிரல் பக்கத்தின் நடுவே புதிய வரிகளைச் செருகக்கூடும். அது ஓடி முடிந்தால்தான் அடுத்து வருவது என்னவென்று தெரியும். ‘டிஃபர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், பக்கம் முழுவதையும் படித்த பிறகே நிரல் ஓடும். பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று புலம்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. நிரல் எந்த சர்வரிலிருந்து வந்தாலும், அதை அழைத்த பக்கத்தின் முழு அதிகாரமும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அது படிக்கலாம். உங்களை வேறு தளத்துக்கே திருப்பிவிடலாம். 2024 ஜூனில் அதுதான் நடந்தது. பழைய உலாவிகளுக்கு உதவும் நிரல்களைத் தந்துவந்த பாலிஃபில்.ஐஓ என்ற முகவரி, அவ்வாண்டு பிப்ரவரியில் கைமாறியிருந்தது. பிறகு அங்கிருந்து வந்த நிரல், கைப்பேசியில் வந்த வாசகர்களில் சிலரைச் சூதாட்டத் தளங்களுக்குத் தள்ளியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த முகவரியை அழைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் சொந்தக் கோப்புகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதைத் தடுக்கவென்றே, குறிச்சொல்லில் சேர்க்கும் ‘இன்டெக்ரிட்டி’ என்ற பண்பு 2016 முதல் இணையத் தரநிலையில் உண்டு. கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-384 குறியீட்டைக் குறிச்சொல்லிலேயே எழுதிவிட்டால், வந்த கோப்பு ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதை ஓட்ட மறுத்துவிடும். ஆனால் பாலிஃபில் ஒவ்வோர் உலாவிக்கும் வெவ்வேறு கோப்பை அனுப்பியது. எந்தக் குறியீட்டை எழுதி வைப்பது? அத்தகைய நிரலைத் தவிர்ப்பது அல்லது நகலெடுத்துச் சொந்த சர்வரில் வைப்பது, இரண்டே வழிகள். அந்தத் திட்டத்தைத் தொடங்கியவரே, முகவரி கைமாறியபோது, இன்று எந்தத் தளத்துக்கும் இது தேவையில்லை, நீக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.