"நாம என்ன வெள்ளைக்காரனா, வெயிலுக்குப் பயப்பட?"

போன செவ்வாய்க்கிழமை ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 63. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்கு அவர் டீச்சர், எனக்கும்தான். மூன்றாம் ஆண்டில் வாய்பாடு சொல்லிக் கொடுத்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இத்தாலிய மொழியில் ஒரு மருத்துவமனைக் கடிதம். "என்னமோ எழுதிக் கொடுத்துட்டாங்க தம்பி, நீயே பாரு" என்றார். கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடுகிறது: ஹீட் ஸ்ட்ரோக், உடம்புச் சூடு எல்லை மீறி மூளையைத் தாக்கும் வெப்பத் தாக்கு. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எண்ணுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

இந்த விடுமுறைக் காலத்தில் எனக்கு இது மூன்றாவது. முதல் இருவர் மயங்கி விழுந்ததோடு தப்பித்தார்கள், ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டு உடைந்தது. மூவரும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில், கடலோர ஊர்களுக்கு இடையே ரயில் ஏறி இறங்கி நடந்தவர்கள். மூவரும் என்னிடம் சொன்னதும் ஒரே வசனம்தான்: "நாம வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க டாக்டர்."

டீச்சர் போன இடம் சிங்குவே தெர்ரே. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சிற்றூர்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவில் ரயில் ஏறினால் ரியோமஜோரே, மனரோலா, கோர்னீலியா, வெர்நாட்சா, மொன்தெரோஸ்ஸோ என்று வரிசையாக வரும். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரயிலில் சில நிமிடம்தான், அதிலும் பெரும்பகுதி சுரங்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே நடைபாதையில் போக வேண்டும்.

மகளோடு மொன்தெரோஸ்ஸோவில் இறங்கி, வெர்நாட்சாவுக்கு நடக்கத் தொடங்கும்போது மணி பதினொன்றரை. தூரம் மூன்றரைக் கிலோமீட்டர். "மூன்றரைதானே, நம்ம ஊர்ல மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்ற தூரம்" என்று நினைத்தாராம். அது தட்டையான மூன்றரை அல்ல. திராட்சைத் தோட்டங்களின் கல் சுவர்களை ஒட்டி நூற்றுக்கணக்கான படிகள், நன்றாக நடப்பவருக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். வெயில் தலைக்கு மேலேயும் அடிக்கும், கல்லில் பட்டுப் பக்கவாட்டிலும் அடிக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து டீச்சர் மகளிடம் கேட்டிருக்கிறார்: "கோலகங்சார் வந்துடுச்சா?" கோலகங்சார் நம் பக்கத்து ஊர். மகள் சிரித்திருக்கிறாள், அம்மா கிண்டல் பண்ணுகிறார் என்று. ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி. பிறகு மகளைத் தன் தங்கை பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அப்புறம் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வெயிலில் நடக்கும் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினால் அது கிண்டல் அல்ல, களைப்பும் அல்ல. மூளை சூடாகிவிட்டது என்று அர்த்தம். "வியர்த்துக்கிட்டுதானே இருந்தாங்க, அப்புறம் எப்படி ஹீட் ஸ்ட்ரோக்?" என்று மகள் என்னிடம் கேட்டாள். நடந்து, ஏறி, உடம்பை வருத்தி வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் குளித்திருக்கலாம். தோல் காய்ந்திருந்தால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள்.

சரி, எனக்கு எரிச்சலூட்டும் அந்த வசனத்துக்கு வருகிறேன்.

வெயிலைத் தாங்கும் சக்தி ரத்தத்தில் வருவதில்லை, தோல் நிறத்திலும் இல்லை. அது உடம்பு பழகிக்கொள்ளும் ஒரு வேலை. தினமும் வெயிலில் உடம்பு அசைந்தால் ஏழிலிருந்து பதினான்கு நாட்களில் அந்தப் பழக்கம் வரும். சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பு குறையும், இதயம் குறைவாக அடித்துக்கொள்ளும். வெயிலை விட்டால் சில வாரங்களில் எல்லாம் போய்விடும். இப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள். ஏர்கோன் அறையில் தூங்கி, ஏர்கோன் காரில் ஏறி, ஏர்கோன் ஆபீசில் உட்கார்ந்து, சாயங்காலம் ஏர்கோன் போட்ட சூப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கும் நீங்கள் எந்த வெயிலில் வளர்கிறீர்கள்? தோட்டத்தில் பிறந்தது உங்கள் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது, உடம்புக்கு அது தெரியாது.

உண்மையிலேயே வெயிலுக்குப் பழகியவர் உங்கள் பாட்டி. அவர் என்ன செய்தார்? விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனார், இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், மதியத்துக்குள் பால் தூக்கி முடித்தார். தலையில் துணி, முழுக்கைச் சட்டை. (அந்த நேரம் தொழிலாளி மேல் இரக்கப்பட்டு வைத்ததல்ல, விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். அது வேறு கதை.) வெயிலோடு வாழ்ந்த அந்த மனுஷி உச்சி வெயிலில் மலை ஏறவில்லை. பத்துமலையின் 272 படிகளை நாம் எப்போது ஏறுகிறோம்? தைப்பூசத்தில் அதிகாலையில் ஏறத்தான் முண்டியடிக்கிறோம். கோர்னீலியா ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறத்தாழ 380 படிகள், அதை மட்டும் ஏன் மதியம் இரண்டு மணிக்கு ஏற வேண்டும்? அங்கே பஸ் இருக்கிறது!

"அங்க 32 டிகிரிதான் டாக்டர், நம்ம ஊர் மாதிரிதானே?" எண் ஒன்றுதான், நாள் வேறு. நம் ஊரில் மூன்று, நான்கு மணிக்கு இடி மின்னலோடு மழை வந்து எல்லாவற்றையும் ஆற்றிவிடும். அங்கே ஜூலையில் பெரும்பாலான நாட்கள் மழையே இல்லை, சூரியன் ஒன்பது மணி வரை இறங்காது. நம் பழக்கத்தில் "நாலு மணிக்கு வெயில் தாழ்ந்திரும், அப்ப நடக்கலாம்" என்று கிளம்புகிறார்கள். கல்லும் பாறையும் நன்றாகக் கொதித்திருக்கும் நேரம் அது. இன்னொன்று, கடற்காற்று வியர்வையை அவ்வப்போது துடைத்துவிடும். சட்டை நனையாததால் தண்ணீர் போவதே தெரியாது.

டீச்சர் தண்ணீரும் குடிக்கவில்லை. காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார். கழிவறை. ஸ்டேஷனில் காசு, வரிசை வேறு, பாதையில் கிடையவே கிடையாது. அதனால் காலையிலிருந்து ஒரு காப்பி மட்டும். நம் பெண்கள் பாதிப் பேர் பயணத்தில் இதைத்தான் செய்கிறார்கள், சொல்ல மாட்டார்கள். அக்கா, அம்மா, டீச்சர், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கூச்சப்பட்டுக் கிட்னியை அடகு வைக்காதீர்கள்.

இதற்கு மேல் அவர் சாப்பிடும் மருந்துகள். ரத்தக் கொதிப்புக்குச் சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரை, சர்க்கரைக்குப் புது வகை மாத்திரை ஒன்று. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது அதன் வேலை, கூடவே தண்ணீரும் போகும். இரண்டும் நல்ல மருந்துகள், நானே எழுதித் தருபவை. தப்பு என்னுடையதும்தான். பயணம் போவதாக அவர் சொன்னபோது, "ஜாலியா போய்ட்டு வாங்க டீச்சர்" என்று சொல்லி மூன்று மாத மருந்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

விழுந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகள் பையைத் துழாவிப் பெனடோல் எடுத்திருக்கிறாள். பெனடோல் என்ற பாராசிட்டமால் காய்ச்சலுக்கு. இது காய்ச்சல் இல்லை, பெனடோல் ஒன்றும் செய்யாது, ஈரலுக்குத்தான் கூடுதல் பாரம். நல்ல வேளை, பின்னால் வந்த இரண்டு ஜெர்மன்காரர்கள் மாத்திரையைத் தடுத்துவிட்டு, நிழலுக்கு இழுத்து, கையிலிருந்த தண்ணீர் முழுவதையும் அவர் மேல் ஊற்றி, மடித்த வரைபடத்தால் விசிறியிருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு ஆம்புலன்ஸ் வராது. மீட்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு நடந்து வரும்வரை அந்த விசிறல்தான் அவரைக் காப்பாற்றியது. டாக்டரைத் தேடுவதற்கு முன் உடம்பைக் குளிர வையுங்கள். தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐரோப்பாவில் அவசர எண் 112.

போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் நடையை வைத்துக்கொள்ளாதீர்கள், விமானத்தில் தூக்கம் கெட்ட உடம்பு அது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பகுதி நடை, காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியுங்கள். மீதி ஊர்களுக்கு ரயில். ஐந்தையும் நடந்தே முடித்தேன் என்று ஃபேஸ்புக்கில் போட்டால் யாரும் பரிசு தரப் போவதில்லை. ஊரில் இருக்கும் குடிநீர்க் குழாயில் போத்தலை நிரப்புங்கள், பாதையின் நடுவில் தண்ணீரை நம்ப முடியாது. தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து இங்கேயே வாங்கிவிடுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து ரத்தத்தில் உப்பைக் குறைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம். சிலிப்பர் போட்டு நடக்காதீர்கள், அங்கே அதற்கு அபராதமே உண்டு. இன்சுலினை முதுகுப்பையின் வெளிப்பையில் வெயில் படச் செருகாதீர்கள். முதலில் களைப்பவரின் வேகத்தில் எல்லோரும் நடங்கள். குழுவோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும், கொடி பிடித்து முன்னால் போகும் வழிகாட்டிக்கு உங்கள் கிரியேட்டினின் தெரியாது.

டீச்சரின் கிட்னி தேறி வருகிறது, அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்கிறேன். பயணம் போகும் மற்றவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வாருங்கள். எந்த மாத்திரையை எந்த நாளில் குறைப்பது என்று உட்கார்ந்து பேசலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வரும்போது மருந்துப் பையை அப்படியே கொண்டு வாருங்கள், "வெள்ளையா, வட்டமா, சின்னதா ஒண்ணு டாக்டர்" என்றால் எனக்குப் புரியாது. வெள்ளிக்கிழமை மதியம் கிளினிக் கிடையாது.