மைல் இருக்கிறது, இருக்கை இருக்கிறதா?

“சார், கார்டுல நாலு லட்சம் பாயின்ட் சேர்ந்திருக்கு. மே மாசம் அம்மா அப்பாவை பிசினஸ் கிளாஸ்ல சான் பிரான்சிஸ்கோவுக்கு, அக்கா வீட்டுக்கு அனுப்பணும். எந்த ஏர்லைனுக்கு மாத்தட்டும்?”

சென்னையில் விமான டிக்கெட் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர்கள் விவரமானவர்கள்தான். எந்தக் கார்டைத் தேய்த்தால் எத்தனை பாயின்ட் என்பது விரல் நுனியில் இருக்கும். ஆனால் மே மாதம், இரண்டு பேர், ஒரே விமானம் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் பத்து லட்சம் பாயின்ட் வைத்திருந்தாலும் டிக்கெட் கிடைக்காமல் போகலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கார்டு விற்கும் வங்கிக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. பாயின்ட்டை ஏர்லைனுக்கு மாற்றினால் கிடைப்பது மைல்; அந்த மைலைக் கொடுத்து எடுக்கும் மைல்ஸ் டிக்கெட்டில் ஏஜென்டுக்குக் கமிஷன் கிடையாது, உறுப்பினரே தன் கணக்கிலிருந்து எடுக்கவேண்டிய டிக்கெட் அது. அதனால் எங்கள் ஆட்களும் வாய் திறப்பதில்லை.

விமானத்தில் காலியாக இருக்கும் இருக்கையெல்லாம் மைலுக்குக் கிடைக்கும் என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. காசுக்கு விற்காது என்று ஏர்லைனுக்குத் தோன்றும் இருக்கையைத்தான் அது மைலுக்குத் திறந்துவிடும். எங்கள் திரையில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. ஸ்டார் அலையன்ஸ் என்ற ஏர்லைன் கூட்டணியின் விமானங்களில் மைலுக்கான பிசினஸ் இருக்கை ‘ஐ’ வகுப்பில் வரும், ஒன்வேர்ல்ட் என்ற இன்னொரு கூட்டணியில் ‘யு’ வகுப்பில். காசுக்கு ஒன்பது இருக்கை திறந்திருக்கும் அதே விமானத்தில் ‘ஐ’ பூஜ்ஜியமாக இருப்பது சர்வ சாதாரணம். பள்ளி விடுமுறையிலும் டிசம்பரிலும் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எண்ணைப் பார்ப்பதே அபூர்வம்.

திறப்பது பெரும்பாலும் இரண்டு சமயங்களில். ஒன்று, விற்பனை தொடங்கும் நாள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பயணத்துக்கு 355 நாள் முன்பே திறக்கின்றன. தன் நீண்ட தூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 4 பிசினஸ் இருக்கைகளை மைலுக்கு ஒதுக்குவதாக பிரிட்டிஷ் ஏர்வேஸ் அறிவித்திருக்கிறது. சென்னை–லண்டன் நேரடி விமானம் அவர்களுடையது என்பதால் நமக்கு இது உபயோகமான செய்தி. தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் முன்பதிவு திறக்கும் காலையில் கணினி முன் உட்காருவோமே, அதே கதைதான். இன்னொரு சமயம், புறப்பாட்டுக்குக் கடைசி இரண்டு வாரம். விற்காமல் நின்றவை அப்போது கொட்டும். ஆனால் வயதான பெற்றோரைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

யாருக்குத் திறக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே கூட்டணியில் இருந்தால் எந்த உறுப்பினரும் எந்த விமானத்திலும் ஏறலாம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்ட தூர பிசினஸ் இருக்கைகளைப் பெரும்பாலும் தன் சொந்த மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரின் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது. இன்னொரு ஸ்டார் அலையன்ஸ் நிறுவனத்தின் மைலை வைத்துக்கொண்டு சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ இருக்கையைத் தேடினால் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வங்கிப் பாயின்ட்டை வங்கியிலேயே வைத்திருங்கள். ஏர்லைனின் சொந்த இணையதளத்தில் இருக்கையைப் பாருங்கள். கண்டுபிடித்த பிறகு மாற்றுங்கள். வங்கியிலிருந்து ஏர்லைனுக்குப் போன பாயின்ட் திரும்பி வராது. அது ஒருவழிப் பாதை. சில மாற்றங்கள் நிமிடத்தில் முடியும், சில நாள்கணக்கில் இழுக்கும், அதற்குள் இருக்கை போய்விடுவதும் உண்டு. அந்த அபாயம் உண்மைதான். அதனால்தான் மாற்றும் முன்பே பக்கத்துத் தேதி ஒன்றையும் வேறு தடம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கூட்டாளி ஏர்லைனின் இருக்கை என்றால் இன்னொரு சிக்கல்: திரையில் தெரியும், கடைசிப் பக்கம் வரை போகும், அங்கே பிழை என்று நிற்கும். இப்படிப் பொய்யாகத் தெரியும் இருக்கைகள் நிறைய. கால் சென்டருக்குப் போன் செய்து அவர்கள் திரையிலும் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பெயர். கார்டில் ‘ஆர் சுப்பிரமணியன்’. பாஸ்போர்ட்டில் ‘சுப்பிரமணியன் ராமசாமி’. ஏர்லைன் கணக்கை எப்போதோ அவசரமாகத் திறந்தபோது ‘மணி’. வங்கியும் ஏர்லைனும் ஒரே பெயரைப் பார்க்காவிட்டால் பாயின்ட் மாற்றம் நின்றுபோகும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் இன்னும் மோசம். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். ஏர்லைன் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. ஒரு நிறுவனம் ஒற்றைப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், இன்னொன்று வேறு முறை சொல்லும். டிக்கெட் எடுத்த பிறகு பெயர் திருத்துவது மைல்ஸ் டிக்கெட்டில் பெரும்பாடு. கூட்டாளி விமானம் என்றால் டிக்கெட் கொடுத்தவரும் ஏற்றிச் செல்பவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். எனவே பயணம் மனதில் வந்த அன்றே, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கைத் திறங்கள். பாயின்ட் எதுவும் மாற்றவேண்டாம், கணக்கு மட்டும் போதும். அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தால் அவர்கள் பெயரையும் அப்போதே பதிந்துவிடலாம். கிரிஸ்ஃபிளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரைத்தான் இப்படிச் சேர்க்க முடியும். மைத்துனர், மைத்துனர் மனைவி என்று இடத்தை முன்பே நிரப்பிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

அடுத்து, ‘இலவச டிக்கெட்’ என்ற பேச்சு. மைலோடு வரியும் கட்டவேண்டும். சில நிறுவனங்கள் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறியீட்டில் தங்கள் சொந்த மேல்கட்டணத்தையும் சேர்க்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில் தன் விமானங்களின் மைல்ஸ் டிக்கெட்டுக்கு எரிபொருள் மேல்கட்டணத்தை எடுத்துவிட்டது (கூடவே இணையத்தில் எடுத்தால் கொடுத்துவந்த 15 விழுக்காடு தள்ளுபடியையும் எடுத்துவிட்டது, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை). பிரிட்டிஷ் ஏர்வேஸில் மேல்கட்டணம் கனமாகவே இருக்கும். பிரிட்டனிலிருந்து பயணத்தைத் தொடங்கினால் அந்நாட்டு அரசின் விமானப் பயணி வரியும் சேரும். 2025 ஏப்ரலுக்குப் பிறகு லண்டனிலிருந்து இந்தியாவுக்கு பிசினஸில் வருபவருக்கு அது மட்டுமே தலைக்கு 200 பவுண்டுக்கு மேல். மைலில் போனாலும் விலக்கில்லை. லண்டனில் வெறுமனே விமானம் மாறுபவருக்கு அந்த வரி கிடையாது. போகும்போது லண்டன் நேரடி விமானம், திரும்பும்போது பாரிஸிலிருந்தோ ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ என்று சிலர் அமைத்துக்கொள்வது இந்த வரியைத் தவிர்க்கத்தான்.

கணக்குப் போடும் முறை எளிது. ஓர் உதாரணத்துக்கு, டிக்கெட் விலை 1,80,000 ரூபாய், மைலில் எடுத்தால் 1,00,000 மைலும் 12,000 ரூபாய் வரியும் என்று வையுங்கள். 1,68,000 ரூபாயை ஒரு லட்சத்தால் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 68 காசு. வங்கி இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல் கொடுத்தால் உங்கள் பாயின்ட்டின் மதிப்பு 84 காசு. அதே பாயின்ட்டை அதே கார்டில் வேறு எதற்கு எவ்வளவுக்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாயின்ட்டுக்காகச் செலவு செய்துவிட்டுப் பில்லை முழுதாகக் கட்டாமல் தள்ளிப்போடுபவர் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவேண்டாம். மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 42. எந்த பிசினஸ் இருக்கையும் அதை ஈடுகட்டாது.

இருக்கை கிடைத்துவிட்டது என்று குதிப்பதற்கு முன் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். ‘பிசினஸ்’ என்று மேலே போட்டிருக்கும். உள்ளே போனால் சென்னை–டெல்லி மட்டும் பிசினஸ், அதன்பின் வரும் 15 மணி நேரம் எக்கனாமி. மைல் என்னவோ முழு பிசினஸுக்கானது. தேடல் பக்கத்தில் இது சின்ன எழுத்தில்தான் இருக்கும். விமான வகையையும் பாருங்கள். கத்தார் ஏர்வேஸின் கதவு வைத்த க்யூசூட் என்ற அறையை நம்பி எடுக்கிறார்கள்; அது போயிங் 777, ஏர்பஸ் ஏ350 விமானங்கள் சிலவற்றில்தான் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிசினஸ் வகுப்பான கிளப் வேர்ல்டின் பழைய இருக்கையில் ஜன்னலோரத்துப் பயணி எழுந்து போக வேண்டுமானால் பக்கத்தில் கால் நீட்டித் தூங்குபவரைத் தாண்டிப் போகவேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அந்த இருக்கை வரம் அல்ல. 2019-இல் வந்த கிளப் சூட் என்ற புதிய இருக்கையில் அந்தச் சிக்கல் இல்லை. கணினியில் இருக்கை வரைபடத்தைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும்.

இப்போது, இதை எழுதவே தூண்டிய விஷயம். வாட்ஸ்அப் குழுக்களில் ‘பிசினஸ் கிளாஸ் பாதி விலை’ என்று சுற்றும் டிக்கெட்டுகள். இவற்றில் பல, யாரோ ஒருவரின் மைலைத் தரகர் வாங்கி உங்கள் பெயரில் எடுப்பவை. மைலைக் காசுக்கு விற்பதை ஏறக்குறைய எல்லா ஏர்லைனின் விதிகளும் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை மூடுவார்கள், டிக்கெட்டை ரத்து செய்வார்கள். போகும் பயணம் நன்றாக முடிந்து, திரும்பும் டிக்கெட் மட்டும் ரத்தாகி, வெளிநாட்டு விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்த குடும்பம் உண்டு. அன்றைய விலையில் நான்கு எக்கனாமி டிக்கெட் எடுத்துத்தான் அவர்களால் வர முடிந்தது. தரகரின் எண் அதற்குள் அணைந்துவிட்டிருந்தது. இதைவிட மோசம், அந்த மைல் திருடப்பட்ட கணக்கிலிருந்து வந்திருந்தால். அப்போது போலீஸ் கேள்வி உங்களிடமும் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வழங்கிய நிறுவனம். 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 618 சிங்கப்பூர், 157 கத்தார், 176 எமிரேட்ஸ், 220 லுஃப்தான்ஸா, 098 ஏர் இந்தியா. லுஃப்தான்ஸாவில் போகிறீர்கள், எண் 014 அல்லது 016 என்று தொடங்குகிறது என்றால் அது ஏர் கனடாவோ யுனைடெடோ கொடுத்த டிக்கெட். அதிலேயே தவறு என்று சொல்ல முடியாது. முறையான கூட்டு டிக்கெட்டிலும் இப்படி வரும். ஆனால் கட்டணப் பகுதியும் காலியாக இருந்து வரித்தொகை மட்டும் தெரிந்தால், நீங்கள் கொடுத்த இரண்டு லட்சம் எங்கே போனது என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். தரகர் பேச்சை மாற்றுவார்.

‘உங்கள் மைல் இன்றிரவு காலாவதி’ என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியும் இதே சந்தையின் இன்னொரு முனைதான். ஏர்லைன் செயலியைத் திறந்து தேதியைப் பாருங்கள், இணைப்பைத் தொடாதீர்கள். கிரிஸ்ஃபிளையர் மைல் சேர்ந்ததிலிருந்து 36 மாதம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் இரண்டும் பயன்படுத்தும் ஏவியோஸ் என்ற மைல் 36 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால்தான் போகும்.

மைலைச் சேமிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் அடைகாப்பவர்களும் இருக்கிறார்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தப்பியது. ஆனால் அந்த மைலை எதற்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் உறுப்பினர்கள் வேறு விதிகளும் வேறு விலைப்பட்டியலும் உள்ள திட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2019, 2022, 2025 என்று மூன்று முறை விலைப்பட்டியலை ஏற்றிவிட்டது. சட்டமும் பெரிய துணையாக நிற்பதில்லை. அமெரிக்காவில் யூத மதகுரு கின்ஸ்பெர்க், அடிக்கடி புகார் செய்கிறார் என்று தன்னை நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மைல் திட்டத்திலிருந்து நீக்கியதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகளும் ஏர்லைன் பக்கமே தீர்ப்பளித்தார்கள். ஆகவே இரண்டு டிக்கெட்டுக்கு வேண்டியது சேர்ந்ததும் செலவழியுங்கள்.

அந்த மே மாதக் கேள்விக்கு வருகிறேன். தேதியை மாற்ற முடியாத பயணம் என்றால், மகளுக்குப் பிரசவம், பேரனுக்குப் பட்டமளிப்பு என்று, நான் மைலை நம்பச் சொல்வதில்லை. காசுக்கு பிரீமியம் எக்கனாமி எடுத்துவிட்டு மைலைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மைல்ஸ் டிக்கெட்டை ஒருவழியாக எடுத்தால் பெரும்பாலான திட்டங்களில் பாதி மைல்தான்; காசு டிக்கெட் ஒருவழிக்குச் சில ஏர்லைன்களில் அநியாய விலை என்பதால் அதை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும். கொழும்பிலிருந்து இருக்கை கிடைக்கிறது, சென்னை–கொழும்பு தனியாக எடுத்துக்கொள்ளலாமா என்பார்கள். இளைஞர்கள் என்றால் சரி. தனித்தனி டிக்கெட் என்றால் கொழும்பில் இலங்கை அனுமதியோடு வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய நேரலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது ஏர்லைன் பொறுப்பேற்காது. வீல்சேரில் போகும் பெற்றோருக்கு நான் அதைப் போட்டுத் தரமாட்டேன்.