லிங்க்கர் பெயரை மட்டும்தான் பார்க்கும்

சி மொழியில் நெடுநாள் எழுதுகிறவர்களிடம் தனியாக ஒரு ஃபோல்டர் சேர்ந்துவிடும். நீளும் அர்ரே, ஹாஷ் டேபிள், கோப்பை வரிவரியாகப் படிக்கும் ஃபங்ஷன் என்று எந்தப் புராஜெக்ட்டுக்கும் வேண்டியவை அதில் இருக்கும். அதை லைப்ரரியாக்கிப் பல இடங்களில் பயன்படுத்தும்போது வரும் கோளாறுகளில் மிகக் கொடியது, ஃபங்ஷன்களையும் வகைகளையும் அறிவிக்கும் ஹெடர் கோப்பு ஒரு பதிப்பாகவும், கம்பைல் ஆகி மெஷின் கோடாக மாறிய ஆப்ஜெக்ட் கோப்பு வேறு பதிப்பாகவும் இருப்பது.

நீளும் அர்ரேயின் ஸ்ட்ரக்டில் (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய வகை) ஒரு பாயிண்டர், நீளம், கொள்ளளவு என்று மூன்று உறுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 64 பிட் லினக்ஸில் ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 24. நான்காவதாக இன்னொரு 8 பைட் உறுப்பைச் சேர்த்தால் 32 ஆகிறது. லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்தாயிற்று. அதை அழைக்கும் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. அது ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷனின் உள் வேரியபிள்கள் இருக்கும் நினைவகத்தில், 24 பைட்தான் ஒதுக்கும். புதிய ஃபங்ஷன் 32 பைட் எழுதும். மிச்சம் 8 பைட் பக்கத்து வேரியபிளின் மேல் போய் விழும். ஆப்ஜெக்ட்களை ஒன்றாக இணைத்து நிரலாக்கும் லிங்க்கர் வாயே திறக்காது, ஏனென்றால் சி மொழியில் ஆப்ஜெக்ட்டின் பெயர்ப்பட்டியலான சிம்பல் டேபிளுக்குப் போவது ஃபங்ஷனின் பெயர்தான், அதன் ஆர்கியுமென்ட் வகைகள் அல்ல. பெயர் பொருந்தினால் இணைத்துவிடும். நிரல் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் சாகும்.

அதனால்தான் கம்பைல் செய்த லைப்ரரியைத் தூக்கிக்கொண்டு திரியாமல், மூலக் கோப்புகளையே ஒவ்வொரு புராஜெக்ட்டுக்குள்ளும் வைத்துக் கட்டுவது நல்லது. ஜிசிசி கம்பைலருக்கு ‘-எம்எம்டி’ என்று கொடுத்தால் எந்தக் கோப்பு எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்று அதுவே எழுதித் தரும்; அதை, எதை எப்போது கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்துவிட்டால் ஹெடர் மாறியதும் உரியவை எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். இன்னும் உறுதியான வழி, ஹெடரில் ஸ்ட்ரக்டின் பெயரை மட்டும் அறிவித்து, உறுப்புகளை சி கோப்புக்குள்ளேயே ஒளித்துவைப்பது. அளவு தெரியாததால் அழைப்பவர் அதை ஸ்டாக்கில் ஒதுக்கவே முடியாது. உருவாக்குவதும் விடுவிப்பதும் லைப்ரரியின் பொறுப்பாகிவிடும். ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகமான ஹீப்பில் ஒரு ஒதுக்கீடு கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஸ்டேடிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் கோப்புகளின் மூட்டை. லிங்க்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்து, அதுவரை விடை கிடைக்காத பெயர் எந்த ஆப்ஜெக்ட்டில் இருக்கிறதோ அதை மட்டும், ஆனால் முழுசாக, உருவும். லைப்ரரியை முன்னால் எழுதிவிட்டால் அப்போது தேடப்படும் பெயர் எதுவும் இருக்காது. ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று நிற்கும். ஒரே கோப்பில் ஐம்பது ஃபங்ஷனைத் திணித்தால், ஒன்றை அழைத்ததற்கு ஐம்பதும் வந்து சேரும்.

பெயர்களுக்கு உங்கள் சொந்த முன்னொட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். ‘எஸ்டிஆர்’ என்ற மூன்று சிற்றெழுத்தையடுத்து இன்னொரு சிற்றெழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்களை சி தரநிலை தனக்கென ஒதுக்கிவைத்திருக்கிறது. பலர் சரத்தை நகலெடுக்கும் ‘எஸ்டிஆர்எல்சிபிவை’ என்ற ஃபங்ஷனைத் தாங்களே, அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும்படி ‘ஸ்டேடிக்’ போட்டு எழுதிவைத்திருந்தார்கள். 2023இல் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.38 அதே பெயரைத் தன் ஹெடரில் அறிவித்ததும் அந்தக் கோப்புகள் கம்பைல் ஆகாமல் நின்றன. முன்னால் இரண்டெழுத்தும் ஓர் அடிக்கோடும் இருந்திருந்தால் அந்த வேலை மிச்சம்.