பூனைக்குள்ளே யானை: வேடிக்கைப் பாட்டும் குழந்தையின் பேச்சும்

பேச்சு தாமதமாகிறது என்று என்னிடம் அழைத்து வரப்படும் குழந்தைகளின் பெற்றோரிடம், வீட்டில் என்ன பாட்டுப் பாடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் ஓடும் பாட்டு குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுமில்லை, அதன் பதிலுக்காகக் காத்திருப்பதுமில்லை.

நம் பாட்டிமார்களின் ‘பருப்புக் கடை’ விளையாட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று விரல் விரலாகப் பங்கிட்டு, ‘நண்டூருது, நரியூருது’ என்று கையில் ஏறி, அக்குளை எட்டுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நாலைந்து நாள் பழகியபின் ‘நண்டு...’ என்று நீங்கள் நிறுத்தினால், ‘ஊது’ என்று அதுவே முடித்து வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கோர்னேய் சுக்கோவ்ஸ்கியின் மகள், இரண்டு வயது நிரம்புமுன்பே ஒருநாள் அவரிடம் வந்து, நாய் ‘மியாவ்’ என்கிறது என்று குறும்பாகச் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். நாய் எப்படிக் குரைக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த குழந்தைக்குத்தான் அதைத் தலைகீழாக்கிச் சிரிக்க முடியும். ஆகவே அபத்தப் பாட்டுக்குக் குழந்தை சிரிப்பதை, அது உலகை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒருமுறை ‘பானைக்குள்ளே பூனை, பூனைக்குள்ளே...’ என்று நான் இழுத்தபோது, நான்கு வயதுச் சிறுவன் ‘யானை!’ என்று கத்தினான். உடனிருந்த தந்தை, “பூனைக்குள்ள யானை எப்படிப்பா போகும்?” என்று திருத்தியதும் அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் பொருளைத் தேடவில்லை. ‘னை’ என்று முடியும் சொல்லைத் தேடிப் பிடித்திருந்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு இந்தக் காதுதான் வேண்டும். மூன்று வயதில் குழந்தைக்குத் தெரிந்திருக்கும் பாட்டுகளுக்கும், சொல்லின் ஒலிகளைப் பின்னாளில் பிரித்தறியும் திறனுக்கும் தொடர்பு இருப்பதை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள். (பாட்டு முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.)

ஆனால் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் முகம் திருப்பாத குழந்தைக்கும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கும், காத்திருக்காமல் முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். காது கேட்கிறதா என்பது தெரிந்த பிறகே பயிற்சியை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.