செரட்டோடோன்டிடே: கொம்புப்பல்லன் குடும்பம்

அழிந்துபோன நுரையீரல் மீன் குடும்பம் ஒன்றின் பெயர் இது. கிரேக்கத்தில் 'கெராஸ்' என்றால் கொம்பு, 'ஓடூஸ்' என்றால் பல். சுவிஸ் இயற்கையியலாளர் லூயி அகாசி 1830களில் இதன் பற்தகட்டை, அதாவது பற்கள் ஒன்றிணைந்த தகட்டை, கண்டு 'செரட்டோடஸ்' என்று பேரினப் பெயர் வைத்தார். விசிறிபோல் விரிந்த தகடு. அதன் ஓரத்தில் மேடுகள் கொம்புகொம்பாக நீண்டிருக்கும்.

பேரினத்தில் 'டஸ்', குடும்பத்தில் 'டோன்ட்'. இது எழுத்துப்பிழை அன்று. 'மரம்' உருபேற்றால் 'மரத்தை' ஆவதுபோல, 'ஓடூஸ்' வேற்றுமையில் 'ஓடோன்ட்' ஆகும். அந்த அடியோடு 'இடே' சேர்ந்தால் விலங்கியலில் குடும்பம்; 'இஃபார்மிஸ்' சேர்ந்தால் வரிசை. அதற்கு மேல் நுரையீரல் மீன்கள் அனைத்தும் அடங்கிய டிப்னோய், இன்னும் மேலே சதைத்துடுப்பு மீன்கள்.

தமிழில் 'கொம்புப்பல்லி' என்று ஆக்கினால் சுவர்ப்பல்லிக்குக் கொம்பு முளைத்துவிடும். 'கொம்புப்பல்லன்' பொருந்தும். டிப்னோய் என்றால் கிரேக்கத்தில் இரு மூச்சு; அதற்கு 'ஈருயிர்ப்பி' இலக்கணப்படி சரிதான், ஆனால் கேட்டவுடன் ஈருயிர்க்காரிதான் நினைவுக்கு வருவாள். 'இருமூச்சு மீன்' போதும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகள் வற்றும்போது சேற்றில் உயிரோடு கிடக்கும் விராலை இதன் உறவாக எண்ண வேண்டாம். விராலுக்கு நுரையீரல் இல்லை. செவுளுக்கு மேலுள்ள அறையில் காற்றை வாங்கிக்கொள்ளும் கதிர்த்துடுப்பு மீன் அது. அந்த மாவட்டங்களின் பாறையில் கொம்புப்பல்லனின் புதைபடிவத்தைத் தேடியும் பயனில்லை: அங்குள்ள சார்னோக்கைட், நைஸ் என்ற பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை, அப்போது மீனே கிடையாது. தெலங்கானாவின் மாலேரி படிவுப்பாறை டிரையாசிக் காலத்தது, அதாவது சுமார் 20 முதல் 25 கோடி ஆண்டுப் பழமை; பற்தகடுகள் அங்கே கிடைத்திருக்கின்றன.

வகைப்பாட்டின் சிக்கலும் இந்தத் தகட்டில்தான். எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு, அது மக்கிப்போகும். தகடு மட்டும் மிஞ்சும். மென்று மென்று தேய, மேடுகளின் உயரமும் வடிவமும் மாறும். குஞ்சின் தகடு ஓர் இனம், கிழட்டு மீனின் தகடு வேறோர் இனம் என்று பெயர்கள் பெருகியது இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவில் இன்றும் வாழும் நுரையீரல் மீனுக்கு 1870இல் விலங்கியலாளர் கிரெஃப்ட் வைத்த பெயரும் 'செரட்டோடஸ் ஃபார்ஸ்டெரி'. 1876இல் இயற்கையியலாளர் காஸ்டெல்னோ 'நியோசெரட்டோடஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார். 'நியோ' என்றால் புது. அந்த மீன் இப்போது அதில்தான் இருக்கிறது, குடும்பத்தையும் தனியாகவே பிரிக்கிறார்கள். பழைய நூலில் 'உயிரோடுள்ள செரட்டோடஸ்' என்று கண்டால் 'புதுக் கொம்புப்பல்லன்' என்று மாற்றிப் படியுங்கள்.