ஜிலேபி சரி, கெண்டைதான் தப்பு

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் வலை போட்டால் அயிரை கிடைக்கிறதோ இல்லையோ, ஜிலேபி கிடைத்துவிடும். மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழா முடிந்து வருகிறவர்களிடம் என்ன மீன் என்று கேட்டால், "சிலேபி கெண்டைதான்" என்பார்கள். மிட்டாய்க்கடை ஜிலேபிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மூலச் சொல் திலாப்பியா. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 1840இல் ஒரு மீன் பேரினத்துக்கு வைத்த பெயர் அது. மீனைக் குறிக்கும் அந்தப் பக்கத்து ஸ்வானா மொழிச் சொல்லுக்கு லத்தீன் சட்டை மாட்டியது என்பார்கள். ஆக, 'திலாப்பியா மீன்' என்பது நம் 'நடு சென்டர்', 'ஷாப்புக் கடை' வகையறா.

1952இல் மொசாம்பிக் திலாப்பியா இந்தியாவுக்கு வந்தது. வாயில் நுழையாத பெயரை நம் ஆட்கள் ஏற்கெனவே வாயில் புழங்கிய ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பலகார ஜிலேபியும் அசலூர்ச் சரக்குதான். அரபி, பாரசீகம் வழியாக வந்த சொல்.

அதுவரை சரி. பின்னால் ஒட்டிக்கொண்ட 'கெண்டை'தான் தொல்லை. கெண்டை சங்கப் பாட்டிலேயே நீந்தும் பழைய சொல். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. ஜிலேபியோ சிக்லிட் என்ற வேறு மீன் குடும்பம். தாடையில் பல் உண்டு, முதுகுத் துடுப்பின் முள்வரிசை கழுவுகிறவர் விரலைப் பதம் பார்க்கும். குணமும் வேறு. கோடையில் கண்மாய் வற்றும்போது கரையோரச் சேற்றில் தாம்பாளம் தாம்பாளமாக வட்டக் குழிகள் தெரியும். ஆண் மீன் தோண்டியவை. பெண் அங்கே முட்டையிட்டு, வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு நீந்தப் பழகும்வரை வாய்தான் தொட்டில். ஆபத்து என்றால் வெளியே திரிந்த குஞ்சுகள் திரும்ப அம்மா வாய்க்குள் ஓடும். எந்தக் கெண்டை இப்படிச் செய்யும்?

பெயர்தானே என்று விட முடியாது. நாட்டு மீன்கள் எந்தக் கண்மாயில் மிஞ்சியிருக்கின்றன என்று கணக்கெடுக்க வருகிறவரிடம் "கெண்டை நிறைய இருக்குங்க" என்றால், அவர் எந்தக் கெண்டை என்று எழுதிக்கொள்வார்? வந்தேறி மீன் நாட்டு மீன் கணக்கில் ஏறிவிடும்.

பண்ணைக்காரர்கள் பேச்சில் இப்போது 'கிஃப்ட்' என்றொரு சொல். அன்பளிப்பு என்று நினைக்க வேண்டாம். 'மரபுவழி மேம்படுத்திய பண்ணைத் திலாப்பியா' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை. மீன் நைல் திலாப்பியா, கண்மாயில் இருப்பதன் ஒன்றுவிட்ட உறவு. இரண்டுமே வெந்நாட்டு மீன்கள், குளிர் ஆகாது. மார்கழியிலும் குளம் அவ்வளவாகக் குளிராத மதுரைச் சீமை அவற்றுக்குத் தாய்வீடு மாதிரி. பண்ணையில் ஆண் குஞ்சுகளை மட்டும் வளர்ப்பதற்குக் காரணம், ஆண் சீக்கிரம் பருக்கும் என்பது. அப்புறம், இருபாலும் கலந்தால் குட்டி மீன்களாகப் பெருகிக் குளமே நெரிசலாகிவிடும்.

நல்ல தமிழில் என்ன எழுதலாம்? 'வாய்காப்பு மீன்' என்று புதிதாக ஒன்று செய்யலாம்தான். ஆனால் சந்தையில் யாருக்கும் புரியாது. பேச்சிலும் எழுத்திலும் 'ஜிலேபி மீன்' போதும், கிரந்தம் வேண்டாதவர்களுக்குச் 'சிலேபி'. ஆய்வுக் கட்டுரைக்கு 'மொசாம்பிக் திலாப்பியா'. வாயில் குஞ்சு காக்கும் இந்த மீனை அறிவியலார் எப்போதோ ஓரியோகுரோமிஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி கண்மாய் ஜிலேபி இன்றைக்குத் திலாப்பியாகூட இல்லை.